எலி மீசைக்கு என்ன கோணம்?

போன வருடம் ஆவணி மாதம். உவர்மலையில் எடுத்த ஒரு கலியாண வீடியோவை இரவிரவாக வெட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி கழிந்திருக்கும், சின்னம்மாவின் மகள் ஜெர்மனியிலிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. சுகம் விசாரிக்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணா, மெல்லிசு மயிரை என்னண்டு தெளிவா எடுக்கிறது?”

“பொம்பிளையின்ர தலைமயிரோ?”

“இல்ல, எலியின்ர மீசை.”

திருகோணமலையில் இருபது வருடமாகக் கமரா பிடிக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை செத்த வீடும். கோட்டைப் பக்கம் திரியும் மான்களோடு மாப்பிள்ளை பொம்பிளையை நிறுத்தி எடுத்திருக்கிறேன். ஒரு மான் என் லென்ஸ் மூடியைக் கடித்துக்கொண்டு போனதும் உண்டு. எலிக்கு வெளிச்சம் பிடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அவள் அனுப்பியிருந்த கிளிப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளை எலி, வெள்ளைத் தட்டு, மேலே ரியூப் லைற். மீசை இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம், அவ்வளவுதான். எலி மூக்கை நீட்டி மோந்து பார்க்கும்போது முகத்தின் இரண்டு பக்கமும் ஏதோ புகை மாதிரி அசைந்தது.

“இதில என்னத்தைப் பாக்கப் போறாய்?” என்றேன்.

“கோணம்” என்றாள்.

அவர்கள் செய்வது இதுதான். மூளையிலிருந்து நேரே வரும் மண்டையோட்டு நரம்புகளில் ஏழாவதுதான் முகத்தை அசைக்கும் நரம்பு. காதுக்குக் கீழே எலும்புத் துவாரத்தால் வெளியே வந்து, கிளை விட்டு, கண் மூடும் தசைக்கும் உதட்டுக்கும் போகிறது. மனிதனுக்கு அது பழுதானால் ஒரு பக்க முகம் தொங்கிவிடும். விபத்தில் அறும், காதுக்குக் கீழே கட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையில் சேதப்படும், காரணமே தெரியாமல் ஒரே இரவில் செயலிழக்கவும் செய்யும். அறுந்த நரம்பைத் தைத்தால் திரும்பவும் வளர்கிறது. ஆனால் வளர்ந்தது ஒழுங்காக வேலை செய்கிறதா? எந்த முறையில் தைத்தால், எந்த மருந்து கொடுத்தால், கூடுதலாகத் திரும்பி வருகிறது? அதை எலியில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும்.

மனிதனை அளப்பது லேசு. டொக்டர் “புருவத்தை உயர்த்துங்கோ, கண்ணை இறுக்கி மூடுங்கோ, பல்லைக் காட்டுங்கோ, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவியுங்கோ” என்று சொல்லுவார். நாங்கள் செய்வோம், அவர் தரம் போடுவார். எலிக்குப் போய்ப் பல்லைக் காட்டச் சொல்ல ஏலாது. அதனால்தான் மீசை.

எலி புது இடத்துக்கு வந்தால், வாசனை பட்டால், மீசையை முன்னும் பின்னும் வீசி வீசித் துழாவும். செக்கனுக்கு ஏறக்குறைய எட்டுத் தரம். நாங்கள் இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தடவுவதுபோல. தொட்டது தெரிவது ஐந்தாவது நரம்பால், மீசையை அசைப்பது இந்த ஏழாவது நரம்பால். ஏழாவதை வெட்டினால் அந்தப் பக்க மீசை அத்தனையும் பின்னுக்குச் சாய்ந்து கன்னத்தோடு படுத்துவிடும். பிறகு மாதக்கணக்கில் அது எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பாகைக் கணக்கில் எழுதி வைக்கிறார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்குத் தெரிந்த பகுதி அதுதான்.

நாங்கள் கலியாணத்துக்கு எடுப்பது செக்கனுக்கு 25 பிரேம். மீசை செக்கனுக்கு எட்டு வீச்சு. அப்படியென்றால் ஒரு வீச்சுக்கு மூன்று படம். முன்னுக்கு வந்தது ஒன்று, பின்னுக்குப் போனது ஒன்று, நடுவில் எங்கேயோ ஒன்று. உச்சியில் அது எங்கே நின்றது என்பது இரண்டு படத்துக்கு நடுவில் விழுந்து தொலைந்துவிடும். மண்டபத்து மின்விசிறி வீடியோவில் பின்னாலே சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கமரா பொய் சொல்லவில்லை, அதற்குக் கிடைத்த படங்கள் அவ்வளவுதான்.

இரண்டாவது, ஷட்டர், அதாவது ஒரு படத்துக்குக் கமராவின் கண் திறந்திருக்கும் நேரம். மீசை வேகமாகப் பாயும்போது செக்கனுக்கு 1000 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கமாக வைக்கும் ஐம்பதில் ஒரு செக்கன் ஷட்டரில் ஒரே படத்துக்குள் அது 20 பாகை நகர்ந்துவிடும். அதுதான் நான் பார்த்த புகை. 2000-இல் ஒரு செக்கனுக்கு ஷட்டரைக் குறுக்கினால் அரைப் பாகைதான் அழியும். ஆனால் ஷட்டரைக் குறுக்கினால் வெளிச்சம் போதாது. வெளிச்சத்தைக் கூட்டினால் எலி மிரளும். மிரண்ட எலி மீசை வீசாமல் உறைந்துபோய் நிற்கும், நீங்கள் அளக்க வந்ததே போய்விடும்.

அவளிடம் 500 பிரேம் எடுக்கும் கமரா இருந்தது. அது இருந்தும் படம் துடித்துத் துடித்து வந்தது. அதை மட்டும் நான் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இங்கேயும் அங்கேயும் அதேதான். அதில் எரியும் ரியூப் லைற் செக்கனுக்கு 100 தரம் மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. 500 பிரேமில் ஐந்து படத்துக்கு ஒரு தரம் இருட்டடிக்கும். “ரியூப் லைற்றை நிப்பாட்டு, பற்றரியில எரியிற எல்ஈடி போடு” என்றேன். அவளுடைய பேராசிரியர் அகச்சிவப்பு எல்ஈடி வாங்கிக் கொடுத்தார். அந்த ஒளி எலிக்குத் தெரியாது, கமராவுக்கு மட்டும் தெரியும். மிரளுகிற கதையும் அதோடு முடிந்தது.

மூன்றாவது, வெள்ளையில் வெள்ளை. பொம்பிளையின் காதோரத்து மயிரை எடுக்க நாங்கள் பின்னால் ஒரு லைற் வைப்போம், ஓரம் பொன்கம்பி மாதிரி மினுங்கும். எலிக்கு அதையே தலைகீழாகச் செய்யச் சொன்னேன். கீழே வெளிச்சப் பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் கண்ணாடி, அதில் எலி. மேலேயிருந்து எடுத்தால் மீசை கறுப்புக் கோடாக விழும். துணிக்கு என்ன போட்டாள் என்று கேட்டேன். சின்னம்மா போன முறை அனுப்பின வேட்டியாம். எட்டு முழ வேட்டி, கரையை வெட்டிவிட்டு.

அடுத்த கிளிப் வந்தபோது நான் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பத்துத் தரம் பார்த்தேன். இருபது மடங்கு மெதுவாக ஓடியது. வலது பக்கம் மீசைகள் ஒரு விசிறி விரிகிறமாதிரி முன்னே வந்து, ஒரு கணம் நின்று, சுருண்டு பின்னே போயின. இடது பக்கம், வெட்டிய பக்கம், ஒன்றுமில்லை. மூச்சு விடும்போது கன்னம் சிறிது ஏறி இறங்கியது. மீசை அதோடு படுத்தபடி கிடந்தது. மூக்கு நுனி நல்ல பக்கம் இழுபட்டிருந்தது.

எனக்குப் பெரியப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.

பெரியப்பா மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகு ஓட்டினவர். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கும் முன்பே ஓட்டத்தை விட்டுவிட்டார், ஆனால் இன்றைக்கும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் முற்றத்தில் இறங்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை தேத்தண்ணி குடிக்கும்போது வாயின் வலது ஓரத்தால் ஒழுகியது. முகம் கழுவினால் சவர்க்காரம் வலது கண்ணுக்குள் போனது, கண் மூடவில்லை. பெரியம்மா பார்த்துவிட்டு “ஐயோ வாய் கோணிப்போச்சு” என்று கத்தினா. பெரியப்பா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “கோணேசற்ற ஊரில இருந்துகொண்டு கோணாமல் என்ன செய்யிறது” என்றாராம்.

பகிடி நல்லது. ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது நாலாம் நாள். முதல் மூன்று நாளும் ஒரு பரிகாரி சொல்லி வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு, காற்றுப் பட்டதென்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்தார். மாமி ஒருத்தி கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போங்கோ என்றா. “அங்க செத்தவைக்குக் கிரியை செய்யத்தான் போறது, என்னை உயிரோட கொண்டுபோகாதேங்கோ” என்று பெரியப்பா மறுத்துவிட்டார். இந்த வகை முகவாதத்துக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எங்களுக்கு அது தெரியவில்லை. டொக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னார், வலது நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. “பாரிசவாதமெண்டா அநேகமா நெற்றி அசையும், இது நரம்பு” என்று விளங்கப்படுத்தினார். கையும் காலும் நல்லாயிருந்தன, பேச்சு மட்டும் கொஞ்சம் குழறியது. (வாய் கோணினால் வீட்டிலிருந்து நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்களைப் பார்த்துத் திருந்துங்கள்.)

கொப்பியில் டொக்டர் நாலாம் தரம் என்று எழுதியிருந்தார். ஹவுஸ்–பிராக்மன் அளவு, 1985-இலிருந்து பாவிக்கிறார்கள். ஒன்று என்றால் சரியான முகம், ஆறு என்றால் அசைவே இல்லை. தெண்டித்து மூடினால் கண் முழுதாக மூடுமென்றால் மூன்று, மூடாதென்றால் நாலு. பெரியப்பா மூடப் பார்த்தால் கண்மணி மேலே உருண்டு போய் வெள்ளை மட்டும் தெரியும். இரவில் பெரியம்மா இமையை இழுத்து பிளாஸ்டர் ஒட்டிவிடுவா.

தங்கச்சி சொல்லித்தான் நான் கிழமைக்கு ஒரு தரம் அவரை வீடியோ எடுக்கத் தொடங்கினேன். ஞாயிறு காலை, விறாந்தையில், அதே கதிரை, சீமெந்துத் தரையில் கரிக்கட்டியால் போட்ட அடையாளத்தில் ட்ரைபொட். ஐந்து வேலை: புருவம், கண், சிரிப்பு, மூக்குச் சுளிப்பு, உதடு குவிப்பு. நிதானமாக முகத்தை வைத்திருக்கும் ஒரு நிமிடம் கூடுதல். போட்டோவில் பெரியப்பா பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பார். வாயை மூடி, நேரே பார்த்தால், வயதுபோன மனிதர், அவ்வளவுதான். சிரிக்கச் சொன்ன அடுத்த கணம் முகம் இரண்டு துண்டாகிவிடும். கலியாணக் காரருக்கு இது தெரிந்த விஷயம். போட்டோவில் அழகாக விழுகிறவர் வீடியோவில் விழமாட்டார்.

மூன்றாம் கிழமை தங்கச்சி கேட்டாள்: “அண்ணா, பெரியப்பாக்கு இடது பக்கமோ வலது பக்கமோ?”

“வலது.”

“நீங்க அனுப்பினதில இடது.”

அவசரத்தில் ட்ரைபொட்டில் கமராவுக்குப் பதில் போனைப் பூட்டி, அவர் தன் முகத்தைப் பார்த்துச் செய்யட்டும் என்று முன்பக்கக் கமராவில் எடுத்திருக்கிறேன். அது கண்ணாடி போல இடம்வலம் மாற்றிவிட்டது. அது மட்டுமில்லை, என் மகள் போனில் ‘பியூட்டி’ என்று எதையோ போட்டு வைத்திருந்தாள். பெரியப்பாவின் கன்னச் சுருக்கமெல்லாம் வெண்ணெய் தடவின மாதிரி மறைந்துபோயிருந்தது. முகநரம்பை அளக்கப் பார்க்கும் முக்கிய இடங்களில் ஒன்று மூக்குக்கும் வாய்க்கும் இடையில் விழும் அந்த மடிப்பு. இருபது வருடத் தொழில்காரன், மூன்று கிழமைப் பதிவைக் குப்பையில் போட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் ஆய்வுகூடத்திலும் இது நடந்ததாம். எலியை மேலேயிருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாள் கண்ணாடித் தட்டுக்குக் கீழே கமராவை வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தால் இடம் வலமாகும். வெட்டின பக்கம் நன்றாக வீசுகிறது, நல்ல பக்கம் செத்துக்கிடக்கிறது என்று ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு படத்தின் ஒரு மூலையில் எப்போதும் தெரியும்படி ‘இ’ என்று எழுதி ஒட்டினாளாம், தமிழில். வேறு ஒருவருக்கும் விளங்காது, அவளுக்கு விளங்கினால் போதும்.

அளக்கிறது என்றால் அடிமட்டத்தை வைத்துப் பார்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான், எலியின் முகம் எத்தனை விதமாக ஆளை ஏமாற்றும் என்று தெரிந்தது.

மீசைத் தசைகளுக்கு ஏழாவது நரம்பின் இரண்டு கிளை போகிறது. கன்னத்துக் கிளை ஒன்று, தாடை ஓரக் கிளை ஒன்று. முன்னால் போய் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு “எங்கள் மருந்தால் மீசை கெதியாகத் திரும்பி வந்தது” என்று ஒருவர் எழுதினால், மற்றக் கிளை வேலையைப் பொறுப்பெடுத்ததோ என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு லோஞ்சுக்கு இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்றைக் கழற்றியும் மூதூர் போய்ச் சேரலாம் இல்லையா, அந்த மாதிரி.

கண் இதைவிட மோசம். எலியின் கண்ணுக்கு மெல்லக் காற்று ஊதினால் இமை மூடும். காற்றை உணர்வது ஐந்தாவது நரம்பு, மூடுவது ஏழாவது. ஏழாவதை வெட்டினால் மூடக்கூடாது. ஆனால் வெட்டின எலியிலும் கண் கொஞ்சம் சுருங்கும்! எங்களிடம் இல்லாத ஒரு தசை எலிக்கு இருக்கிறது, அது கண்முழியை உள்ளே இழுக்கிறது. முழி உள்ளே போனால் இமை தானாகவே பாதி இறங்கும். அதற்கு ஓட்டம் வருவது ஆறாவது நரம்பிலிருந்து. தெரியாதவர் “நரம்பு திரும்பி வருகிறது” என்று எழுதிவிடுவார். ஊதுகிற காற்று மீசையில் பட்டு மீசையும் அசையும், அது இன்னொரு பொய்.

பிறகு தலை. எலி தலையைத் திருப்பினால் மீசையின் கோணமும் திரும்பும். அதனால் கோணத்தைத் தலையின் நடுக்கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். மூக்கு நுனியை வைத்து நடுக்கோடு போடலாம் என்றால், அந்த நுனிதான் நல்ல பக்கம் இழுபட்டுக் கிடக்கிறதே. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கோடு போட்டு அதற்குச் செங்குத்தாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஒரு குழுவினர் 2008 அளவில் எலியின் தலையையே அசையாமல் பிடித்து, இரண்டு பக்க மீசையையும் இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் ஒளிக்கதிரால் பதிவு செய்யும் ஒழுங்கைச் செய்தார்கள். மண்டையில் சின்னதாக ஒரு பிடி பொருத்தி, எலியைப் பையில் இருக்கப் பழக்கி. துல்லியம் உண்டு. ஆனால் தலையைப் பிடித்து வைத்த எலி, ஓடித்திரியும் எலி மாதிரி வீசுமா? இதில் இரண்டு கட்சி இருக்கிறதாம். நான் ஓடித்திரியும் கட்சி. கமராவுக்கு முன் நிறுத்தி வைத்த மாப்பிள்ளையின் சிரிப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் வரமுன் கண்ணால் பார்த்துப் புள்ளி போட்டார்கள். மீசை அசையவே இல்லை பூச்சியம், இலேசாகத் துடிக்கிறது ஒன்று, இப்படிப் போய் நாலு என்றால் சரியான பக்கம் மாதிரி. இன்றைக்கும் போடுகிறார்கள். செலவில்லை, கெதியாக முடியும். குறை என்னவென்றால் ஒரே எலிக்கு ஒருவர் இரண்டும் மற்றவர் மூன்றும் போடுவார்கள். அதுவும் எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று தெரிந்துவிட்டால் கை தானாக மூன்று போடும். பொம்பிளையின் தாயிடம் வீடியோ எப்படி என்று கேட்பதுபோல.

மின்சாரத்தாலும் பார்க்கலாம். எலியை மயக்கி, நரம்பைத் தூண்டி, தசையில் ஊசி வைத்து எத்தனை மில்லிவோல்ட் வந்தது, எவ்வளவு நேரம் பிந்தி வந்தது என்று எடுக்கிறார்கள். அது வயர் அறாமல் இருக்கிறதா என்று ரெஸ்ரர் வைத்துப் பார்ப்பது மாதிரி. வயர் சரியென்றால் பாட்டும் சரியென்று அர்த்தமில்லை.

பாட்டு ஏன் சரியாக வருவதில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். தைத்த நரம்பு வளரும்போது ஒவ்வொரு இழையும் தன் பழைய தசையைத் தேடிப் போவதில்லை. ஆயிரக்கணக்கான இழையுள்ள கேபிளை வெட்டி, நிறம் பார்க்காமல் முறுக்கி ஒட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. கண்ணுக்குப் போகவேண்டியது வாய்க்குப் போகும். ஒரே தசைநாருக்கு இரண்டு மூன்று இழை வந்து சேரும். மீசையை முன்னே தள்ளும் தசையும் பின்னே இழுக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் மீசை எங்கே போகும்? நடுவில் நின்று நடுங்கும். அதனால் மாதக்கணக்கு ஆனபிறகும் வீச்சு பழைய அளவில் பாதிக்குக்கூட வராமல் நின்றுவிடுகிறது. ஆனால் தாளம் போகவில்லை! செக்கனுக்கு எத்தனை தரம் என்பது ஏறக்குறைய பழையபடியேதான். தாளம் போடுவது மூளைத்தண்டு, அதை ஒருவரும் வெட்டவில்லை. கிழவயதில் தவில் அடிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? காலம் பிசகாது, கைதான் எழும்பாது. நரம்பு வளர்ந்த பிறகு எடுத்த கிளிப்பில் நான் கண்டது அதுதான். வெறும் கண்ணுக்கு “அசைகிறது, நல்லது” என்றுதான் படும். தாளத்தையும் வீச்சையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பாகைக் கணக்கு வேண்டும்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் மூடுகிறது. பெரும்பாலானோருக்கு இது மருந்தில்லாமலும் முழுதாகச் சுகமாகும் என்கிறார்கள், ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு. பெரியப்பா மற்ற மூன்றில் ஒருவர். அவருக்கும் வயர் மாறித்தான் வந்திருக்கிறது. சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்கும். சாப்பிட உட்கார்ந்தால் அதே கண்ணிலிருந்து தண்ணீர் வழியும், எச்சில் சுரக்கப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்ததால். பெரியம்மா போன வருடம் மோசம் போனபிறகு, மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன் அவர் ஒரு கண்ணால் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து வந்தவர் போனவர் எல்லாம் தேற்றுகிறார்கள். அவர் மறுத்துச் சொல்வதில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள், “டேய் தம்பி, இது மீன் குழம்புக்கு வாற கண்ணீர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாம் இல்ல” என்றார்.

எலியில் கண்ட இன்னொரு விஷயத்தையும் தங்கச்சி சொன்னாள். ஜெர்மனியின் கோல்ன் நகரில் ஒரு குழுவினர் நரம்பு தைத்த எலிகளின் செயலிழந்த மீசைப் பக்கத்தைக் கையால், மீசை அசைகிற திசையிலேயே, நாள்தோறும் சில நிமிடம் மெல்லத் தடவி வந்தார்கள். தடவாத எலிகளைவிட வீச்சு மிக நன்றாகத் திரும்பியது. ஒரு தசைநாருக்குப் பல இழை சேரும் குழப்பமும் குறைந்திருந்தது. கண் தெரியாத எலி இனத்திலும் நன்றாகத் திரும்பியது. பாவம், அதற்கு மீசைதானே கண், அடிக்கடி பாவித்திருக்கும். தசைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது அப்படிப் பலன் வரவில்லை. அது எலி, இது மனிதர், அப்படியே எடுத்துவிடாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னாள். நான் பெரியப்பாவுக்குச் சொன்னது ஒரு தரம். இப்போதும் விறாந்தையில் இருந்து கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார், கப்பல் போகிற திசையில் தடவ வேணும் என்று தானாகவே ஒரு விதியும் வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. “பிள்ளையாற்ற வாகனத்தைப் போய் வெட்டுறாளே” என்று சின்னம்மாவிடமே சண்டை பிடித்தா. எனக்கும் அந்த இடது பக்கத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரித்தான் இருந்தது. தங்கச்சியிடம் கேட்டேன். அனுமதி இல்லாமல் ஒரு எலியையும் தொட ஏலாது, இத்தனை எலி ஏன் வேணும் என்று எண்ணிக்கைக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேணும் என்றாள். முன்பெல்லாம் கிழமைக்கு இத்தனை என்று கொன்று, வெட்டி, நரம்பைப் பார்ப்பார்களாம். மீசையை வீடியோவில் ஒழுங்காக அளந்தால் அதே எலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், எண்ணிக்கை குறையும். விலங்கைக் குறை, தவிர்க்க முடிந்தால் தவிர், நோவைத் தணி என்று 1959-இலேயே இரண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்ததாம். இந்த நரம்புக்குப் பெயர்போன ஸ்கொட்லாந்து டொக்டர் சார்ள்ஸ் பெல் 1821-இல் ஒரு கழுதையின் முகநரம்பை வெட்டி, மூக்குத்துவாரம் அசையாமல் நின்றதைப் பார்த்து எழுதினவர். மிருகங்களை வெட்டுவதில் அவருக்கே மனச்சங்கடம் இருந்ததாம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “கழுதையையுமோ?” என்றா.

நாலு செக்கன் கிளிப்பில் 2000 பிரேம் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு மீசை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுவார்கள். அப்படியும் ஒவ்வொரு பிரேமிலும் நாலு மீசை, ஒவ்வொன்றுக்கும் அடி, நுனி என்று இரண்டு புள்ளி. 16,000 புள்ளி. கையால் குத்தி முடிய கலியாணங்கள் எல்லாம் விவாகரத்தாகிவிடும். இப்போது கணினிக்குப் பழக்குகிறார்கள். டீப்லாப்கட் என்று 2018-இல் வந்த மென்பொருள், இருநூறு பிரேமில் ஆள் புள்ளி குத்திக் காட்டினால் மிச்சத்தைத் தானே குத்தும். அந்த இருநூறை அவள் என் தலையில் கட்டினாள். இரண்டு இரவு இருந்து குத்தினேன். மீசையின் அடி எங்கே தொடங்குகிறது என்று கன்னத்து மயிருக்குள் தேடுவது, தாலி முடிச்சு சரியாக எந்தப் பிரேமில் விழுந்தது என்று தேடுவது மாதிரி. ஐயர் கையும் மூன்று பேர் தலையும் மறைத்துக்கொண்டு நிற்கும். நான் குத்தின அடிப்புள்ளியில் நாற்பது பிரேம் பிழை என்று அவள் திருப்பி அனுப்பினாள். கன்னத்து மயிர் ஒன்றை மீசை என்று நினைத்திருக்கிறேன்.

போன கிழமை திரும்பவும் செய்தி. அடுத்தது சுண்டெலியாம். உருவம் சின்னது, மீசை இன்னும் மெல்லிசு, வீசுவது எலியைவிட வேகம். 500 பிரேம் போதுமா, லென்ஸ் மாற்ற வேணுமா என்று கேட்டிருக்கிறாள். வேட்டித் துணியின் நெசவு இப்போது படத்தில் தெரிகிறதாம், அதற்கு என்ன செய்யலாம் என்றும். ட்ரேசிங் பேப்பர் போதும் என்று நினைக்கிறேன், பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேணும். நாளைக்குச் சாம்பல்தீவில் ஒரு சாமத்திய வீடு, விடிய ஐந்து மணிக்கு லைற் கட்ட வேணும். பெரியப்பாவும் வருகிறார். தன்னை இடது பக்கத்தால் எடுக்கச் சொல்லி இப்போதே கட்டளை போட்டுவிட்டார்.